ரிப்பேர் செய்த இன்ஜின் மறுபடி நின்றால் என்ன செய்வது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நுகர்வோர் குழுப் பொறுப்பாளர் பேசியது. பேச்சு நடையிலேயே தரப்பட்டுள்ளது.)



மாடு வாங்க, மகள் படிப்புக்கு, வீட்டுக்கு ஓடு மாத்தன்னு கடன் வாங்குன காலம் போய், இப்போ வண்டி ரிப்பேருக்குன்னு நிறைய பேரு கடன் வாங்குறோம். ஷேர் ஆட்டோ, குட்டி யானை, டிராக்டர், பழைய கார். வண்டி ஓடினா தவணை வரும். வண்டி நின்னுட்டா தவணையும் நிக்கும். அதனால இன்ஜின் வேலை செஞ்ச பிறகு அது கெட்டுப்போனா யாரு பொறுப்புங்கறது, பட்டறைக்குப் போற ஆம்பளைங்க மட்டும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இல்லை. கடன் பத்திரத்துல கையெழுத்துப் போடுறது நாமதானே?

நம்ம கூட்டமைப்புலயே 2023இல் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்றேன். பேரு சொல்லப் போறதில்லை. ஏன்னா காரு வச்சிருந்த அக்காவும் நம்ம உறுப்பினர், பட்டறைக்காரரோட சம்சாரமும் வேற குழுவுல நம்ம உறுப்பினர். ரெண்டு பேரும் சம்மதிச்சதாலதான் பேசுறேன்.

அந்த அக்காவும் வீட்டுக்காரரும் சந்தைக்குச் சந்தை துணி வியாபாரம் பண்றவங்க. அய்யலூர், மணப்பாறை, ஒட்டன்சத்திரம்னு வாரம் பூரா சுத்துவாங்க. அவங்ககிட்ட இருந்தது 1998ஆம் வருஷத்து அம்பாசடர் டீசல் கார். அந்தக் காரு டிக்கியும் பின் சீட்டும் சேர்ந்தா ஒரு சின்னக் கடையே ஏத்தலாம்னு உங்களுக்குத் தெரியும். உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்னு போச்சு. புது வண்டி இனி கிடையாது, இருக்கறதைத்தான் ரிப்பேர் பண்ணிப் பண்ணி ஓட்டணும். உதிரி பாகம் இன்னும் கிடைக்குது, ஆனா ஒரே பேரிங்கை நாலு கடையில நாலு தரத்துல, நாலு விலையில கொடுக்குறாங்க. பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு வம்பு அங்கேயே ஆரம்பிக்குது.

காரு கறுப்பா புகை தள்ளிச்சு, ஆயில் குடிச்சுது. பட்டறையில இன்ஜினை இறக்கி ரீபோர், கிராங்க் கிரைண்டிங், புது பிஸ்டன் செட், பேரிங், கேஸ்கட் எல்லாம் போட்டு, கூலியோட சேர்த்து 58,000 ரூபாய் ஆச்சு. அதுல 50,000 குழுக் கடன். 2023 ஜனவரியில வண்டி வெளிய வந்துச்சு. ஏழாவது வாரம், 1,140 கிலோமீட்டர் ஓடியிருந்தப்போ, ஒட்டன்சத்திரம் போற வழியில இன்ஜின் அடியில இருந்து டக் டக்னு சத்தம், ஆயில் லைட்டும் எரிஞ்சுது. வீட்டுக்காரர் ஓரம் கட்டி நிறுத்திட்டார்.

அப்புறம் அவங்க செஞ்சதைத்தான் நீங்க கவனிக்கணும்.

ஒண்ணு, சத்தம் வந்த வண்டியை "சந்தை வரைக்கும் போயிரலாம்"னு ஓட்டலை. சத்தத்தோட இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தா, முதல்ல எது கெட்டுது, ஓட்டினதால எது கெட்டுதுன்னு பிரிச்சே சொல்ல முடியாது. பழியும் நம்ம தலையில வரும். ரெண்டாவது, கூட வந்த பையன் செல்போனை எடுத்து அங்கேயே படம் பிடிச்சான். கிலோமீட்டர் மீட்டர், சூடு காட்டுற முள், ஆயில் குச்சியில ஆயில் எவ்வளவு நிக்குது, சூடு ஆறின பிறகு ரேடியேட்டரைத் திறந்து தண்ணி மட்டம் — எல்லாம் படம். (அந்தக் காலத்துக் காருல மீட்டர் ஓடுனதே பெரிசுன்னு நான் சொல்லுவேன். மீட்டர் ஓடாத வண்டிக்கு "இத்தனை கிலோமீட்டர் வரை வாரண்டி"ன்னு வாங்கினா அது எதுக்கும் ஆகாது. வேலை கொடுக்கும்போதே மீட்டரையும் சரி பண்ணச் சொல்லிருங்க.)

வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டு வந்து வேப்பமரத்தடியில நிறுத்துனாங்க. பட்டறைக்குப் போன் போட்டா, அவரு பார்க்காமலே சொல்லிட்டார்: "தண்ணி இல்லாம ஓட்டியிருப்பீங்க. இன்ஜின் சூடாகி பேரிங் போயிருக்கும். அதுக்கு வாரண்டி கிடையாது. வண்டியை விட்டுட்டுப் போங்க, பிரிச்சுப் பார்த்து சொல்றேன். பொருள் செலவு உங்களுது, கூலி மட்டும் நான் போட்டுத் தர்றேன்."

கேட்டா நியாயமாத்தான் தெரியும். நம்மள்ல பாதிப் பேரு அதுக்கே சரின்னு சொல்லியிருப்போம். அக்காவோட கொழுந்தன் வேற, "நாலு பேரா போய் ரெண்டு சத்தம் போட்டா தானா செஞ்சு கொடுப்பான்"னு கிளம்பினார். சொந்தக்காரங்க சிலரு, "அவன்கிட்ட ஏன் மறுபடி போறே, நல்ல மெக்கானிக் இருக்கான், அங்க பிரிச்சுப் பார்க்கலாம்"னாங்க.

இந்த மூணு வழியுமே தப்புன்னு நான் அன்னைக்கே அக்காகிட்ட சொன்னேன், இப்பவும் அதைத்தான் சொல்றேன். பட்டறைக்காரர் தனியாப் பிரிச்சா, உள்ள என்ன இருந்துச்சுன்னு அவர் சொல்றதுதான் சாட்சி. நாம வேற மெக்கானிக்கிட்ட தனியாப் பிரிச்சா, "நான் போட்ட இன்ஜினை வேற ஆள் கை வச்சுட்டான், இனி எனக்குப் பொறுப்பு இல்லை"ன்னு அவர் சொல்லலாம். அப்படிச் சொன்னா அதுல நியாயமும் இருக்கு. சத்தம் போட்டா வேலை நடக்கலாம், ஆனா எப்படிப்பட்ட வேலை நடக்கும்? பயந்து போட்டுக் கொடுத்த பேரிங் எத்தனை நாளைக்கு வரும்?

இன்ஜின் மூடியிருக்கிற வரைக்கும்தான் நம்ம சாட்சி பத்திரமா இருக்கு. அதனால வண்டி அப்படியே தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்துச்சு. ரெண்டரை மாசம்! சந்தைக்குச் சரக்கு ஆட்டோவுல இன்னொரு வியாபாரியோட பங்கு போட்டுப் போனாங்க. வாடகை கொடுத்தது போக மிச்சம் ரொம்பக் கொஞ்சம். அந்த நாள்ல அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும். பொறுமையா இருங்கன்னு வெளிய இருந்து சொல்றது சுலபம்.

இந்த இடத்துல அவங்க குழு செஞ்சதையும் சொல்லணும். தவணை வரலைன்னதும் கூட்டத்துல பேச்சு வந்துச்சு. "ஓட்டை காருக்கு 50,000 கொடுத்ததே தப்பு"ன்னு ஒருத்தர் நேராவே சொன்னாங்க. கடைசியில ரெண்டு மாசத்துக்கு வட்டி மட்டும் கட்டினாப் போதும், அசலைப் பின்னாடி சேர்த்துக் கட்டலாம்னு தீர்மானம் போட்டு நோட்டுல எழுதுனாங்க. வாயால சொல்லி விட்டிருந்தா அது தயவாப் போயிருக்கும். தீர்மானமா எழுதினதால அது குழுவோட முடிவு ஆச்சு, அக்காவும் தலை நிமிர்ந்து கூட்டத்துக்கு வந்தாங்க.

சரி, பட்டறைக்கு என்ன எழுதினோம்? வக்கீல் நோட்டீஸ் இல்லை, வெள்ளைத்தாள்ல ஒரு கடிதம்தான். ஏறக்குறைய இப்படி:

"தங்கள் பட்டறையில் ரூ.58,000 கொடுத்து என் காரின் இன்ஜின் வேலை செய்தேன். ரசீது நகல் இணைத்துள்ளேன். ரசீதின் பின்புறம் '6 மாதம் அல்லது 5,000 கி.மீ. வரை இன்ஜின் உள் வேலைக்குப் பொறுப்பு' என்று தாங்கள் எழுதிக் கையெழுத்திட்டுள்ளீர்கள். 1,140 கி.மீ. ஓடிய நிலையில் இன்ஜினில் சத்தம் வந்து, உடனே நிறுத்தப்பட்டது. இன்ஜின் இதுவரை பிரிக்கப்படவில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒருவர் முன்னிலையில் பிரித்துப் பார்க்க, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் நாள் குறிக்க வேண்டுகிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன்."

இவ்வளவுதான். திட்டு இல்லை, சாபம் இல்லை, "ஏமாத்திட்டீங்க"ங்கற வார்த்தைகூட இல்லை. ஏன்னா ஏமாத்தினாரா, தவறிப் போச்சான்னு நமக்கு அப்போ தெரியாது. அன்னைக்கு ஒப்புகை அட்டை வச்சுப் பதிவுத் தபால்ல அனுப்பினோம். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க. இப்போ அனுப்புறவங்க ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி, கிடைச்சதுக்கு அத்தாட்சி வாங்கி வச்சுக்கணும். கடிதத்தோட நகலும் நம்மகிட்ட இருக்கணும்.

பன்னிரண்டாவது நாள் பதில் வந்துச்சு. மூணு காரணம் சொல்லியிருந்தார். தண்ணி இல்லாம ஓட்டியிருக்காங்க. வாட்டர் பம்ப் கசியுது, மாத்தச் சொல்லியும் மாத்தலை. ஓடி 500 கிலோமீட்டர்ல ஆயில் மாத்துறதுக்கு எங்க பட்டறைக்கு வராம வேற இடத்துல மாத்தியிருக்காங்க. கிராங்க் கிரைண்டிங் பண்ணது வெளி லேத்து, அதுல குறை இருந்தா லேத்துக்காரர்தான் பொறுப்பு.

மூணையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்த மூணும் ஏதாவது ஒரு ரூபத்துல வரும்.

ஆயில் விஷயத்துல அக்காகிட்ட ஆயில் டப்பா வாங்கின பில்லு இருந்துச்சு. 520 கிலோமீட்டர்ல மாத்தியிருக்காங்க. இன்ஜின் வேலை செஞ்சதும் முதல் 500 கிலோமீட்டர்ல ஆயில் மாத்துறது எதுக்குன்னா, புது பிஸ்டன் ரிங்கும் புதுசா துளைச்ச சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு தேய்ஞ்சு படியும்போது நுண்ணிய இரும்புத்தூள் ஆயில்ல கலக்கும். அதை வெளியேத்தணும். மாத்தினது சரியான நேரத்துல, சரியான ஆயில். எங்க மாத்தினா என்ன? "எங்ககிட்டதான் மாத்தணும்"னு ரசீதுல எழுதலை. எழுதாத நிபந்தனையை வண்டி நின்ன பிறகு புதுசா சேர்க்க முடியாது.

லேத்து விஷயம் இன்னும் சுலபம். நாம பணம் கொடுத்தது யாருக்கு? ரசீது யாரு பேருல? லேத்துக்காரர் யாருன்னுகூட அக்காவுக்குத் தெரியாது. பட்டறைக்காரர் வெளிய கொடுத்து வாங்கின வேலைக்கு நம்மகிட்ட பட்டறைக்காரர்தான் பொறுப்பு. அவர் லேத்துக்காரர்கிட்ட கேட்டு வாங்கிக்கறது அவங்களுக்குள்ள உள்ள கணக்கு. தையல் யூனிட் நடத்துற நம்ம சகோதரிகளுக்கு இது நல்லாப் புரியும். காஜா போட வெளிய கொடுத்தது பிரிஞ்சு வந்தா, சட்டை வாங்கினவங்க நம்மகிட்டதானே வருவாங்க?

தண்ணி விஷயம்தான் கஷ்டமானது. பம்ப் கசிவு உண்மை. 1,800 ரூபாய் மிச்சம் பிடிக்கறதுக்காக வீட்டுக்காரர் "பழசே இருக்கட்டும்"னு சொன்னதும் உண்மை. அதை அக்கா மறைக்கலை. கசிஞ்சதாலதான் இன்ஜின் கெட்டுதாங்கறதுதான் கேள்வி. அதை இன்ஜினே சொல்லும், பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்ச ஆள் இருந்தா.

பாலிடெக்னிக்ல ஆட்டோமொபைல் பாடம் நடத்துற ஆசிரியர் ஒருத்தரை ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க. அவருக்கு 1,500 ரூபாய், ஆளுக்குப் பாதி. பிரிக்கறதுக்கு முன்னாடியே ஒரு தாள்ல, "இவர் சொல்ற முடிவுக்குக் கட்டுப்படுறோம்"னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. பிரிச்சது அதே பட்டறையில, பட்டறைக்காரர் கையாலேயே. நாங்க அஞ்சு பேரு சுத்தி நின்னு பார்த்தோம், பையன் வீடியோ எடுத்தான்.

ஆசிரியர் எங்களுக்கும் புரியற மாதிரி சொல்லிக்கிட்டே போனார். இன்ஜின் தண்ணி இல்லாம சூடானா அடையாளம் மேல இருந்து ஆரம்பிக்கும். ஹெட் கேஸ்கட் எரிஞ்சிருக்கும், ஹெட் வளைஞ்சிருக்கும், பிஸ்டன் பக்கவாட்டுல உரசி அலுமினியம் சிலிண்டர்ல அப்பியிருக்கும். ஹெட்டை இறக்கி, நேரான இரும்புப் பட்டையை மேல வச்சு, இடைவெளியில மெல்லிய தகடு விட்டுப் பார்த்தார். வளைவு இல்லை. கேஸ்கட் முழுசா இருந்துச்சு. நாலு பிஸ்டனும் சுத்தமா இருந்துச்சு. ஆயில் இல்லாம ஓடியிருந்தா எல்லா பேரிங்கும் கறுத்து, கிராங்க் நீலம் பாய்ஞ்சிருக்கும்னார். அதுவும் இல்லை.

அப்புறம் அடியில இருந்த ஆயிலை வெள்ளை வேட்டித் துணியில வடிச்சார். துணியில மினுமினுன்னு தூள். பேரிங்கைக் கழட்டினா ரெண்டாவது, மூணாவது பிஸ்டனோட பேரிங்ல சுத்திச் சுத்திக் கோடு விழுந்திருந்துச்சு, அதுல கூர்மையான துகள் பதிஞ்சு நின்னுச்சு. பேரிங் மேல்பூச்சு மெத்துன்னு இருக்கும், தூள் வந்தா வாங்கி வச்சுக்கும். அதுதான் நமக்குக் கிடைச்ச சாட்சி. கிராங்க்குக்குள்ள ஆயில் போற துளை இருக்கு. கிரைண்டிங் பண்ணதும் அந்தத் துளையில சேர்ற துகளை பிரஷ் விட்டு, டீசல் ஊத்திக் கழுவி, காத்தடிச்சுச் சுத்தம் பண்ணணும். அந்த வேலை நடக்கலை. ஒரு துளையோட ஓரத்துல இன்னும் துகள் ஒட்டியிருந்ததை ஊசியால எடுத்துக் காட்டினார்.

பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "லேத்துல கழுவித்தான் கொடுத்தேன்னு சொன்னான், நான் நம்பி மாட்டிட்டேன்"னார். அவரு கெட்டவர் இல்லைங்க. பத்து வண்டி வரிசையில நிக்கிற பட்டறையில இப்படித்தான் நடக்குது.

ஒரு பக்கத்துல அறிக்கை எழுதி, அங்கேயே ஒப்பந்தமும் எழுதினோம். கிராங்கை மறுபடி கிரைண்டிங் பண்ணி அடுத்த அளவு பேரிங் போடுறது, கேஸ்கட், கூலி, வண்டியை இழுத்து வந்த செலவு 2,200 எல்லாம் பட்டறை. வாட்டர் பம்ப்பும் புது ஆயிலும் அக்கா செலவு. வேலை முடிஞ்ச தேதியில இருந்து வாரண்டி புதுசா 6 மாதம். இது ரொம்ப முக்கியம், ஏன்னா எழுதலைன்னா பழைய ஆறு மாசத்துல மிச்சம் இருக்கிறதுதான் உங்களுக்குன்னு சொல்லிருவாங்க. வியாபாரம் போன நஷ்டத்துக்கு 10,000 கேட்கலாம்னு நான் சொன்னேன். அக்கா வேண்டாம்னுட்டாங்க. "அவங்க வீட்டுலயும் தவணை ஓடுது"ன்னாங்க. எனக்கு அதுல இன்னும் முழு உடன்பாடு இல்லை. கேட்டிருந்தா அஞ்சாயிரமாவது வந்திருக்கும்னு நினைக்கிறேன். ஆனா முடிவு எடுக்க வேண்டியது பணம் கொடுத்தவங்கதான்.

பட்டறை ஒத்துக்காம இருந்திருந்தா என்ன வழி? அதையும் தெரிஞ்சுக்கணும். அந்தத் தெம்பு கையில இருந்ததாலதான் கடிதத்துக்கே பதில் வந்துச்சு.

1986ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலா 2019ஆம் வருஷத்துச் சட்டம் 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்துச்சு. காசு கொடுத்துச் செய்யற ரிப்பேர் வேலையும் சேவைதான். அதுல குறை இருந்தா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல மனுக் கொடுக்கலாம். நாம கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பட்டறை எந்த மாவட்டத்துல இருந்தாலும் சரி, நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம். இது புதுச் சட்டத்துல வந்த பெரிய வசதி. குறை ஏற்பட்ட நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். வக்கீல் கட்டாயம் இல்லை, நாமே நின்னு பேசலாம். 2025இல் இருந்து இ-ஜாக்ரிதிங்கற இணையதளம் வழியாவும் மனு அனுப்பலாம். வக்கீல் வேணும்னு நினைச்சா, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்க. 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவசச் சட்ட உதவி உண்டு. இதை எத்தனை கூட்டத்துல சொன்னாலும் போதாது.

1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் போன் பண்ணலாம், தமிழ்லயே பேசலாம். பெரிய கம்பெனி ஃபிரிட்ஜ், செல்போன்னா அது நல்லா உதவும். தெருமுனைப் பட்டறை விஷயத்துக்குக் கடிதமும் ஆணையமும்தான் சரின்னு எனக்குத் தோணுது.

"நீங்க வியாபாரத்துக்கு வண்டி ஓட்டுறீங்க, நீங்க நுகர்வோரே இல்லை"ன்னு சிலர் மிரட்டுவாங்க. பயப்படாதீங்க. சுயதொழில் செஞ்சு வயிறு பிழைக்கறதுக்காக வாங்கறவங்களும் நுகர்வோர்தான்னு சட்டத்துலயே இருக்கு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டை எதிர்த்து லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நடத்தின வழக்குல 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாச் சொல்லியிருக்கு. காரு வாங்கித் தானே டாக்சியா ஓட்டறவர் நுகர்வோர்தான், ஒண்ணு ரெண்டு பேரை உதவிக்கு வச்சுக்கிட்டாலும் அது மாறாது. பத்து வண்டி வாங்கி ஆள் வச்சு ஓட்டற முதலாளி கதை வேற.

ஆணையம் சீக்கிரம் முடிச்சிரும்னு பொய் சொல்ல மாட்டேன். பொருளைச் சோதிக்க வேண்டாத மனுன்னா 3 மாசம், சோதிக்க வேண்டியிருந்தா 5 மாசம்னு சட்டம் சொல்லுது. நடப்புல அதைவிட அதிகம் ஆகுது. அதனாலதான் முதல்ல கடிதம், அப்புறம் சேர்ந்து பிரிச்சுப் பார்க்கறதுங்கற வழியை நான் வற்புறுத்தறேன். அதுல முடியலைன்னாலும் அந்தக் கடிதமும் வீடியோவும் ஆணையத்துல நமக்கு உதவும்.

இனிமே வேலை கொடுக்கப் போறவங்க ரசீதுல எழுதி வாங்க வேண்டியதைச் சொல்லிடறேன். "வாரண்டி உண்டு"ன்னு மட்டும் எழுதினா போதாது. பொருளுக்கா கூலிக்கா, ரெண்டுக்குமா? எந்தத் தேதியில இருந்து, எத்தனை கிலோமீட்டர்? வழியில நின்னா இழுத்து வர்ற செலவு யாருது? என்ன செஞ்சா வாரண்டி போகும்? கிராங்க் எந்த அளவுக்குக் கிரைண்டிங் பண்ணாங்க, பேரிங் என்ன அளவு, என்ன கம்பெனிங்கறதையும் எழுதச் சொல்லுங்க. புதுப் பொருள் வந்த காலி டப்பாவையும் கழட்டின பழைய பொருளையும் கேட்டு வாங்கி ஒரு சாக்குல கட்டி வையுங்க. கொடுக்க யோசிக்கிற பட்டறையைப் பத்தி நாமளும் யோசிக்கணும். "நான் ஜி.எஸ்.டி.யில இல்லை, பில்லு கிடையாது"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஜி.எஸ்.டி. வேற, செஞ்ச வேலைக்கு ரசீது வேற. ரசீது தராம இருக்கறதே நியாயமற்ற வியாபார நடைமுறைன்னு 2019 சட்டம் சொல்லுது.

பேச்சு முடிஞ்சதும் ஒரு சகோதரி எழுந்து கேட்டாங்க: "எங்க வீட்டு ஆட்டோவுக்குப் போன மாசம் 22,000 கொடுத்து வேலை பார்த்தோம். பில்லே வாங்கலை. வாயால மூணு மாசம் வாரண்டின்னு சொன்னார். இனி ஒண்ணும் பண்ண முடியாதா?"

பண்ணலாம். பணம் எப்படிக் கொடுத்தீங்கன்னு கேட்டேன். பாதி கையில, பாதி போன்லன்னாங்க. போன்ல போன பணத்துக்குப் பதிவு இருக்கும், அதை அழிக்காதீங்க. இன்னைக்கே பட்டறைக்காரருக்கு வாட்ஸ்அப்புல ஒரு செய்தி போடுங்க: "அண்ணே, இந்தத் தேதியில ஆட்டோ இன்ஜின் வேலைக்கு 22,000 கொடுத்தோம், மூணு மாசம் வாரண்டின்னு சொன்னீங்க. ஒரு ரசீது எழுதி வைங்க, நாளைக்குப் பையன் வந்து வாங்கிக்குவான்." வண்டி நல்லா ஓடும்போது கேட்டா சண்டையா எடுத்துக்க மாட்டார். "சரிம்மா"ன்னு ஒரு வார்த்தை பதில் வந்தாலும் அது எழுத்துதான். ஆட்டோ இப்போ எத்தனை கிலோமீட்டர்ல நிக்குதுன்னு மீட்டரை ஒரு படம் எடுத்து வச்சுக்குங்க.

கடித மாதிரி அலுவலகத்துல இருக்கு. தேவைப்படறவங்க குழு நோட்டோட வந்து நகல் எடுத்துக்கலாம்.